காடு பொறுத்துக்கொள்ளும் என்பவர்களுக்கு

போன வருடம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரி வாசலில்தான் விழ வேண்டும். தலைப்பு ‘அணுசக்தியும் சுற்றுச்சூழலும்’. பேச வந்தவர் கெட்டிக்காரர், குரலும் கணீரென்று இருந்தது. செர்னோபிலுக்குப் பக்கத்தில் ஆட்கள் விட்டுப்போன பிரிபியாட் நகரத்தின் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே வளர்ந்து நிற்கும் மரங்கள், புல்வெளியில் மேயும் காட்டுக் குதிரைகள், பனியில் ஓநாயின் கால்தடம். “மனிதன் வெளியேறினான், காடு உள்ளே வந்தது. இயற்கை அன்னை எல்லாக் காயத்தையும் ஆற்றிக்கொள்வாள். அவளுடைய பொறுமைக்கு எல்லையே இல்லை” என்று முடித்தார். நல்ல கைத்தட்டல்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ராதாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள். “சார், அந்தக் காட்டுல வெறகு பொறக்கலாமா?” என்று கேட்டாள்.

அரங்கம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். நல்ல கேள்வி, தேநீர் இடைவேளையில் பேசலாம் என்றார். இடைவேளையில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம், செல்ஃபி, சால்வை. அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, “நான் கேட்டது தப்பா மேடம்?” என்றாள். இருபத்தேழு வருடம் தாவரவியல் கற்பித்தவள் நான். அன்றைக்கு அந்த அரங்கில் கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி அவளுடையதுதான். அங்கே கிடைக்காத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காட்டின் கதை. 1986 ஏப்ரல் 26 அன்று நான்காம் உலை வெடித்தது. மேற்கே இருந்த ஸ்காட்ஸ் பைன் காட்டின் மேல் புழுதியும் துகளும் கொட்டின. சில வாரங்களில் ஊசியிலைகள் காவி நிறமாகி, பிறகு செம்பழுப்பாகிக் கருகின. சுமார் 400 முதல் 600 ஹெக்டேர் பைன் மரங்கள் நின்ற நிலையிலேயே செத்தன. ‘சிவப்புக் காடு’ என்ற பெயர் அப்படி வந்தது. அங்கே மரங்கள் வாங்கிய அளவு 80, 100 கிரேக்கு மேல். மனித உடல் முழுவதும் 4, 5 கிரே வாங்கினால், மருத்துவம் கிடைக்காதபோது பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள். மரம் நம்மைவிடத் தாங்கும் என்பது உண்மைதான். அந்த மரத்தையே கொன்ற அளவு அது.

ஆனால் அதே இடத்தில் பிர்ச் மரங்கள் பல தப்பின. இதைத்தான் நம் பேச்சாளர்கள் ‘காடு மீண்டது’ என்கிறார்கள். ஏன் தப்பின என்று கேட்டால் பொறுமை வேறு, உயிரியல் வேறு என்று புரியும். பைனின் செல் உட்கரு பெரியது, அதில் டிஎன்ஏ நிறைய. கதிர் பட்டு அறுந்துபோகும் இடங்களும் அதற்கேற்பக் கூடுதல். பைன் இலை உதிர்க்காமல் சில வருடங்கள் வைத்திருக்கும். ஆகவே விழுந்த புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஏப்ரல் மாதம் என்பதால் மொட்டுகள் வளரத் தொடங்கியிருந்தன. வளரும் திசுதான் கதிருக்கு முதல் பலி. பிர்ச்சோ அப்போதுதான் இலை விட ஆரம்பித்திருந்தது, இலையுதிர்காலம் வந்ததும் அழுக்கைக் கீழே உதிர்த்துவிட்டது. உதிர்ந்த அழுக்கு மண்ணுக்குத்தான் போனது, மாயமாகிவிடவில்லை.

கொஞ்சம் குறைந்த அளவு வாங்கிய பைன்கள் சாகாமல் கோணலாயின. நுனிக்குருத்து போய்விட, பக்கக் கிளைகள் எல்லாம் நான் நீ என்று மேலே வர, மரம் புதர்போல் ஆனது. சில இடங்களில் ஊசிகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிதாயின, சில இடங்களில் குட்டையாகின. ஃபுகுஷிமா அணு நிலையத்தின் அருகே ஜப்பானிய ஃபிர் மரங்களிலும் தலைக்குருத்து இல்லாமல் கிளைத்த கன்றுகளைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது பனை. எங்கள் பக்கத்துப் பனைக்கு ஒரே ஒரு குருத்து. அது போனால் பக்கக் கிளை விட்டுப் பிழைக்கும் வழி அதற்குக் கிடையாது. குருத்து செத்தால் மரம் செத்தது. மின்னல் விழுந்த பனையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செத்த சிவப்புக் காட்டை என்ன செய்தார்கள்? 1987-இல் புல்டோசர் விட்டுச் சாய்த்து, பள்ளம் வெட்டிப் புதைத்து, மேலே மணலைப் போட்டு மூடினார்கள். அந்த மணலில் புதிய பைன் கன்றுகளை நட்டார்கள். நம்மூர் வனத்துறைப் படங்களில் வருவதுபோல அழகாக வரிசையாக வளர்ந்தன. கன்றுகளின் வேர் கீழே இறங்கி, புதைத்த மரங்களிலிருந்த ஸ்ட்ரான்சியத்தை உறிஞ்சி மேலே கொண்டுவந்தது. பள்ளத்திலிருந்து நிலத்தடி நீருக்கும் ஸ்ட்ரான்சியம் கசிந்ததை அளந்திருக்கிறார்கள். ஸ்ட்ரான்சியம் கால்சியம் மாதிரி நடிக்கும், சீசியம் பொட்டாசியம் மாதிரி நடிக்கும். மரத்துக்கு இந்த வேஷம் தெரியாது. பொட்டாசியம் என்று எண்ணிச் சீசியத்தை வேரால் எடுத்து, தண்டுக்கும் இலைக்கும் அனுப்பி, இலை உதிர்த்து மறுபடி மண்ணுக்குக் கொடுத்து, மறுபடி எடுத்துக்கொள்ளும். சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருடம் ஆகும். அதுவரைக்கும், அதன் பிறகும், காடு தன் ஒழுங்கான வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே நஞ்சைச் சுற்றவிடும். இதற்குப் பெயர் ஆற்றிக்கொள்வதா?

ஓநாய்கள் பெருகியது உண்மை. மரப்பரப்பு கூடியதும் உண்மை. இதை மறுப்பவள் இல்லை நான். வேட்டை, உழவு, மரம்வெட்டு எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனால் எந்தக் காடும் பெருகும். அது நாம் காட்டை என்ன பாடு படுத்திக்கொண்டிருந்தோம் என்பதற்குச் சாட்சி. கதிர்வீச்சு கெடுதல் செய்யாது என்பதற்கு அதை எடுத்துக்கொண்டு வருவது, புருஷன் செத்த பிறகு வீடு அமைதியாக இருக்கிறது, ஆகவே அவனைக் கொன்ற காய்ச்சல் நல்லது என்று சொல்வதைப் போல.

இனி விறகுக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா திசையன்விளைக்குப் பக்கத்தில், தேரியை ஒட்டிய ஊரில் பிறந்தவள். தாத்தா பனையேறி. அவர் இறக்கிய பதநீரை ஆச்சியும் அம்மாவும் விடிலியில் காய்ச்சுவார்கள். தாச்சிக்கு அடியில் காய்ந்த ஓலை, மட்டை, உடைமர விறகு. கூப்பனிப் பதம் வந்ததும் இறக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. மிஞ்சிய சாம்பலை அள்ளி வைப்பாள் அம்மா. பாத்திரம் தேய்க்க ஒரு பங்கு, கத்தரிச்செடிக்கும் கீரைப்பாத்திக்கும் ஒரு பங்கு. பனையேறுவதைப் பற்றிப் பாட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது. சாம்பல் அள்ளுவதைப் பற்றி எதுவும் இல்லை. ஏனென்றால் அது வேலையே இல்லை, பொம்பளை சும்மா இருக்கும்போது செய்வது.

விறகை எரித்தால் மரத்தின் எடையெல்லாம் புகையாகப் போய்விடும். சீசியத்தில் பெரும்பங்கு சாம்பலில் தங்கிவிடும். 2011 விபத்துக்குப் பிறகு ஜப்பான் அரசு விறகுக்கு ஒரு வரம்பு வைத்தது. கிலோவுக்கு 40 பெக்கரல், கரிக்கு 280. விறகில் இந்த அளவுக்குள் இருந்தால்தான் சாம்பலில் கிலோவுக்கு 8,000 பெக்கரலைத் தாண்டாது என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஏறத்தாழ 200 மடங்கு. அடுப்பு ஊதுகிற பெண்ணின் மூக்குக்கும், சாம்பலால் தேய்க்கிற கைக்கும், அதைக் கொட்டிய கீரைக்கும் இடையே என்ன நடக்கும் என்பதை ஒரு நாட்டின் அரசு எண்ணில் எழுதி வைத்திருக்கிறது. “வெறகு பொறக்கலாமா?” என்பதற்குச் சிரிக்காமல் சொல்லக்கூடிய பதில் இது.

இன்னொன்றையும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். காடு சிவப்பானால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். பயம் பச்சையாக நிற்கும் காட்டில்தான். இடாத்தே என்ற ஊர் ஃபுகுஷிமா நிலையத்திலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர். முதலில் காலி செய்யச் சொன்ன வளையத்துக்கு வெளியே இருந்தது. மார்ச் 15 அன்று காற்று அந்தப் பக்கம் திரும்பியது, மழையும் பனியும் விழுந்தன, மேகத்தில் போனதெல்லாம் அந்த மலைக்காட்டில் இறங்கியது. ஊரையே காலி செய்தார்கள். சுகி மரங்கள் ஒன்றும் சிவக்கவில்லை, இன்றும் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. வீடு, வயல் எல்லாவற்றையும் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். காட்டில் மட்டும் ஓரத்திலிருந்து 20 மீட்டர் வரைக்கும்தான். அதற்கு மேல் முடியாது, விட்டுவிட்டார்கள். 2017-இல் ஊரின் பெரும்பகுதிக்குத் திரும்பலாம் என்றார்கள். ஆனால் வயதான பெண்கள் வருடா வருடம் மலையில் பறித்துவந்த காட்டுக்கீரைக்கும் காளானுக்கும் தடை. பல மாவட்டங்களுக்குக் காளான் வளர்க்கும் கட்டைகளை அனுப்பிய ஓக் காடுகள் அந்த மாகாணத்தில்தான் இருந்தன, அந்தத் தொழிலும் நொடித்தது. ஜெர்மனியின் பவேரியாவில், செர்னோபிலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மண்ணுக்கடியில் வளரும் காளானைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியின் இறைச்சியை இன்னமும் சோதித்துத்தான் விற்கிறார்கள்.

இப்போது வரைபடத்தை எடுங்கள். கூடங்குளத்திலிருந்து களக்காடு நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர், வடமேற்கே. நான் உட்கார்ந்து எழுதும் பாளையங்கோட்டை சுமார் 60. நம்முடைய அவசரகாலத் திட்டம் வரைந்திருக்கும் வட்டம் 16 கிலோமீட்டர். பொதிகை மலை மேகத்தைத் தடுத்து மழையாக இறக்குவதால்தான் தாமிரபரணி ஓடுகிறது, அதனால்தான் நமக்குச் சோறு. காற்றில் என்ன வந்தாலும் மழையோடு சேர்த்து இறக்கி வைப்பதுதான் ஒரு மலைக்காட்டின் வேலை. அகத்தியமலைத் தொடரில் ஒரு மரம் இருக்கிறது, நாஜியா வாலிச்சியானா. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத் தாவரம். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டும்போது பைனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்வேன். முன்பெல்லாம் சந்தோஷமாகச் சொல்வேன்.

கூடங்குளம் செர்னோபில் இல்லை, உலையின் வடிவமைப்பே வேறு, மேலே இரட்டைக் கூடு இருக்கிறது, உருகினால் பிடித்துக்கொள்ளக் கீழே தொட்டி இருக்கிறது என்பார்கள். சரி. செர்னோபில் மாதிரியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஃபுகுஷிமாவும் செர்னோபில் இல்லை, அதுவும் வேறு வடிவமைப்புதான். நம்மூர் மணலிலேயே கதிர்வீச்சு இருக்கிறதே, மணவாளக்குறிச்சிக்காரர்கள் வாழவில்லையா என்று அடுத்தது வரும். கடற்கரை மணலின் தோரியம் மோனசைட் மணிக்குள் பூட்டிக் கிடப்பது. அது பொட்டாசியம் வேஷம் போட்டுக்கொண்டு முருங்கை மரத்துக்குள் ஏறுவதில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்கிறவர் வேதியியல் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது நமக்குத் தெரியாது என்று நினைப்பவராக இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் நடக்கிறது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். செர்னோபில் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதே 1988-இல்தான் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களைச் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். காப்பகத்தை நான் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் அந்தக் காட்டில் பாதி இன்றைக்கு இருக்காது. ஆனால் அந்த வருடங்களில் அடிவார ஊர்களின் பெண்களிடம் என்ன சொன்னார்கள் என்பதையும் ஞாபகம் வைத்திருக்கிறேன். சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருகிற ஒரு கட்டு விறகால் காடு அழிகிறது என்றார்கள். அரிவாளைப் பிடுங்கினார்கள், அபராதம் போட்டார்கள். ஒரு கட்டு விறகின் கணக்கை அவ்வளவு துல்லியமாகப் போடத் தெரிந்த தேசத்துக்கு, ஆயிரம் மெகாவாட் உலைகளை அந்தக் காட்டுக்கு 40 கிலோமீட்டரில் வைக்கும்போது காட்டின் கணக்கு மறந்துபோனது.

2011-இல் இடிந்தகரைப் பெண்கள் லூர்து மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்தார்கள். பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்தார்கள், வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது மீனையும் உப்பையும் தண்ணீரையும் பற்றி. பதிலுக்கு மத்திய அரசு பெங்களூர் நிம்ஹான்ஸின் மனநல மருத்துவர்களை நாடியது. அச்சத்தைப் போக்க ஆலோசனை தருவார்களாம். சோவியத் அதிகாரிகளும் செர்னோபிலுக்குப் பிறகு இதைத்தான் செய்தார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு ‘கதிரச்சம்’ என்று ஒரு வியாதிப் பெயர் வைத்தார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகைக் குண்டு. அன்றைக்கே மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. பெண்கள் சிலர் மாதக்கணக்கில் திருச்சிச் சிறையில். 2013 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தது, ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது.

நம் பக்கத்திலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அணு எதிர்ப்புக் கூட்டங்களில் ஊனமுற்ற குழந்தைகளின் படங்களைப் பெரிதாக ஒட்டி வைப்பதை நிறுத்துங்கள் தோழர்களே. பிறந்து வாழ்கிற ஒரு குழந்தையைப் பேய்ப்படமாகக் காட்டி ஒரு உலையை எதிர்க்க வேண்டாம். ‘பெண் என்றால் தாய், தாய் என்றால் இயற்கை’ என்பதையும் நிறுத்துங்கள். கருத்தரங்கில் அந்த மனிதர் சொன்ன ‘இயற்கை அன்னை’ நம் துண்டறிக்கையிலிருந்து எடுத்ததுபோலவே இருந்தது. தாமிரபரணித் தாய் என்று சொல்லிவிட்டுத்தான் அவளுக்குள் வண்ணாரப்பேட்டைச் சாக்கடையை விடுகிறோம். பொறுமையில் பூமாதேவி என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படியில் நம்மைக் கட்டிப் போட்டார்கள். தாய் என்று பெயர் வைத்த உடனே அவள் பொறுத்தாக வேண்டும், ஆற்றிக்கொண்டாக வேண்டும், கணக்குக் கேட்கக் கூடாது. பைன் மரம் யாருடைய தாயும் இல்லை. அளவு தாண்டியது, செத்தது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. 2010-ஆம் ஆண்டின் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், உலையை நடத்துகிறவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் என்று வரம்பு கட்டியது. அந்தத் தொகையைப் பங்கு வைக்கும் நாள் வரவே வேண்டாம். வந்தால் யார் வரிசையில் நிற்பார்கள்? நம்மூரில் நிவாரணம் பட்டாவையும் ரேஷன் கார்டையும் பார்த்து வரும். மயிலாற்றில், இஞ்சிக்குழியில் கிழங்கு தோண்டுகிற காணிப் பெண்ணுக்குக் காட்டில் பட்டா ஏது? தலைச்சுமை விறகுக்கு ரசீது ஏது? சாம்பலுக்கு என்ன விலை போடுவார்கள்? காட்டை மேலிருந்து செயற்கைக்கோளில் பார்க்கிறவருக்குப் பச்சை தெரிந்தால் காடு இருக்கிறது. காட்டைக் கையால் தொடுகிறவளுக்கு அந்தப் பச்சைக்குள் தொடக்கூடியது, தின்னக்கூடியது, எரிக்கக்கூடியது எவ்வளவு என்பதுதான் காடு. செர்னோபில் விலக்கு மண்டலத்துக்குள் தடையை மீறித் திரும்பிப்போய்க் குடியிருந்தவர்கள் சுமார் 1,200 பேர். பெரும்பாலும் வயதான பெண்கள். அவர்களை வைத்து ‘பாருங்கள், வாழ முடிகிறது’ என்றும் ஒரு கட்சி பேசுகிறது. வேறு மண் இல்லாததால் திரும்பினார்கள் என்று அந்தப் பெண்களே சொல்கிறார்கள், அதைக் கேட்பாரில்லை.

கருத்தரங்கு முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளை வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே சாம்பல். அவளுடைய அத்தை ராதாபுரம் பக்கத்தில் ஒரு விடிலியில் இன்னமும் காய்ச்சுகிறார். “விபத்து நடக்கதுக்கு முன்னால எவ்வளவு இருந்துச்சுன்னு யாராவது எழுதி வச்சிருந்தாத்தான மேடம், பின்னால கேக்க முடியும்?” என்றாள். உலகம் முழுவதும் அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம் கொஞ்சம் படிந்துதான் இருக்கிறது, ஆகவே பூஜ்ஜியமாக இருக்காது, ஆனால் அந்த எண் நம் கையில் இருக்க வேண்டும் என்றேன். அளக்கும் கருவி என்னிடம் இல்லை. அதை வைத்திருக்கும் இரண்டு துறைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது, எந்த ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் என்று கேட்டு.

பாட்டிலில் அவள் ஒட்டியிருந்த தாளில் ஊர், தேதி, எரித்தது பனை மட்டையும் உடைமரமும் என்று எழுதி, ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் அத்தையின் பெயர் இருந்தது. இப்போது அலமாரியில் ஒன்பது பாட்டில்கள் இருக்கின்றன. உடன்குடியிலிருந்து ஒன்று வர வேண்டும், களக்காட்டிலிருந்து இரண்டு.